பாலும் பட்டையும்: மென்பொருள் குழுவின் தொழில்முறையை மதிப்பிடுவது எங்ஙனம்?

பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் வேலையை அளக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பால் நிறுக்கும் கொட்டகை, மற்றொன்று மரம். கொட்டகையில் வாளியை வைத்தவுடன் அன்றைய பால் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். மரத்தடியில் நின்று பட்டையைப் பார்ப்பதற்கோ பொறுமையும் பழகிய கண்ணும் வேண்டும். ஆயினும் தொழிலறிந்த கிராணி எவரும் வாளியை மட்டும் பார்த்து ஒருவரை நல்ல வெட்டுக்காரர் என்று சொல்லிவிட மாட்டார். நிரைக்குள் நடந்து சென்று, தாமே சில மரங்களைத் தேர்ந்து, கோட்டின் சாய்வு, வெட்டின் ஆழம், சீவிய பட்டையின் கனம், காயம் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே தம் கருத்தைச் சொல்வார்.

இதற்குக் காரணம் மரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையில் உள்ளன. பட்டைக்கும் உள்ளிருக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அப்படலத்தை நெருங்க நெருங்கப் பால்குழாய்கள் அடர்த்தியாகின்றன. ஆகவே உளியைச் சற்று ஆழமாகச் செலுத்தினால் அன்றைக்குப் பால் கூடும். உளி படலத்தையே தொட்டுவிட்டால் மரம் காயப்படும். காயம் ஆறிய இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தில் மீண்டும் வெட்ட வரும்போது உளி சீராக ஓடாது. பாலும் கோட்டில் இறங்காமல் பட்டையில் வழியும். அதற்குள் அக்காயத்தைச் செய்தவர் வேறு தோட்டத்துக்குப் போயிருக்கக்கூடும்.

பட்டையின் கனத்திலும் இதே கணக்குதான். ஒரு வெட்டுக்கு 1.5 மில்லிமீட்டர் சீவுகிறார் என்றும், ஒருநாள் விட்டு ஒருநாளாக ஆண்டுக்கு 150 முறை வெட்டுகிறார் என்றும் வைத்துக்கொண்டால், ஓராண்டில் 22.5 சென்டிமீட்டர் பட்டை செலவாகும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள பக்கம் ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளுக்கு மேல் வரும். அவசரக்காரர் 3 மில்லிமீட்டர் சீவினால் அதே பக்கம் மூன்றேகால் ஆண்டில் முடிந்துவிடும். மறுபக்கத்தில் புதுப்பட்டை அதற்குள் பருத்திருக்காது. இந்த இருவருடைய வாளிகளையும் ஒரு நாள் காலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கு என்ன வேறுபாடு தெரியும்? ஒன்றும் தெரியாது. அதனாற்றான் தோட்டங்களில் மாதந்தோறும் பட்டையில் குறியிட்டு, அந்த மாதம் எவ்வளவு பட்டை செலவாயிற்று என்று பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது.

இத்தொழிலே ஒரு நல்ல முறையால் பிழைத்த தொழில்தான். 1877இல் பேராக்கின் ஆங்கில ரெசிடெண்டாயிருந்த ஹியூ லோவின் காலத்தில் கோலகங்சாரில் முதல் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. அவற்றுள் எஞ்சிய ஒரு மரம் இன்றும் அந்நகரில் காக்கப்படுகிறது. ஆனால் கன்று ஊன்றியதனால் மட்டும் தோட்டத் தொழில் வளர்ந்துவிடவில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். அதனால் மரம் புண்பட்டது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லி, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, மறுமுறை அதே கோட்டைத் திறந்து பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். மரம் பல ஆண்டுகள் நின்று பால் தரலாயிற்று.

அந்த நிரைகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. நிரையில் உளி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பல்தொழில்நுட்பக் கல்லூரியிலும், கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்திலும், செரி இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்திலும் பயின்று மென்பொருள் எழுதும் வேலைக்குப் போகின்றனர். போகுமுன் சிலர் தம் பழைய தமிழாசிரியரைத் தேடி வருவதும் உண்டு. "சார், இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஓரிடத்தில் முந்நூறு வெள்ளி கூடக் கொடுக்கிறார்கள். எதற்குப் போகட்டும்?" என்று ஒரு மாணவி கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? கணிப்பொறி தமக்குத் தெரியாத துறை என்று ஒதுங்கிவிடுவது எளிது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இக்கேள்வி புதியதன்று. வாளியைப் பார்ப்பதா, பட்டையைப் பார்ப்பதா என்பதே கேள்வி.

மென்பொருள் குழுவின் வாளி எது? முடித்துக் கொடுத்த செயலிகள், வாடிக்கையாளர் பெயர்ப்பட்டியல், அலுவலகத்தின் பளபளப்பு ஆகியவை. பட்டை எது? நிரலை எங்கே வைத்திருக்கின்றனர், யார் எதை எப்போது மாற்றினார் என்பது பதிவாகிறதா, பிழை கண்டால் எங்கே எழுதுகின்றனர், எழுதியதை இன்னொருவர் படிக்கிறாரா, சோதிக்கிறாரா, புதிய பதிப்பை எப்படி வெளியிடுகின்றனர் என்பவையாம். அமெரிக்க நிரலரான வார்டு கன்னிங்காம் 1992இல் இதைக் கடனுக்கு ஒப்பிட்டார். அவசரத்தில் எழுதிய நிரல் வாங்கிய கடன் போன்றது; திருத்தி எழுதாத நாளெல்லாம் வட்டி ஏறும். கடன் என்னும் உவமை அலுவலகத்தாருக்குப் பொருந்தும். தோட்டத்தாருக்குப் பட்டையே நன்கு விளங்கும். ஏனெனில் கடனை வாங்கியவர் அறிந்துதான் வாங்குகிறார், காயமோ பெரும்பாலும் செய்தவர் அறியாமலே நேர்கிறது.

பட்டையைப் பாராமல் விட்டதற்கு நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு பெருஞ்சான்று உண்டு. நைட் கேப்பிட்டல் என்னும் வணிக நிறுவனம் பங்கு வாங்கல் விற்றலைத் தானே செய்யும் மென்பொருளை எட்டுக் கணிப்பொறிகளில் ஓட்டி வந்தது. 2012 ஆகஸ்டு 1 அன்று அது புதிய நிரலுடன் சந்தையில் இறங்கியது. அதற்குமுன் நிரலைக் கணிப்பொறிகளில் ஏற்றியபோது ஏழில் ஏற்றிய தொழில்நுட்பர் எட்டாவதில் ஏற்றத் தவறிவிட்டார். ஏற்றியதை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து விதி அங்கு இல்லை. எட்டாவது கணிப்பொறியில் பல ஆண்டுகளாகப் பயன்படாத பழைய நிரல் ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது; அது விழித்துக்கொண்டது. சந்தை திறக்குமுன்னரே பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களை அவ்வமைப்பு தானாகவே ஊழியருக்கு அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையென்று யாரும் கருதவில்லை. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. அதற்கு முந்திய நாள் வரை வாளியைப் பார்த்தவர்கள் அந்நிறுவனத்தைத் திறமைமிக்க நிறுவனம் என்றே சொல்லியிருப்பர். ஆனால் நீக்கப்படாத பழைய நிரலும், இரண்டாம் கண் இல்லாமையும், படிக்கப்படாத எச்சரிக்கையும் முன்னரே பட்டையில் தெரிந்த காயங்கள்.

இவற்றை முன்கூட்டியே காண முடியாதா என்னும் ஆராய்ச்சி பழமையானது. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மாநாட்டிலேயே, மென்பொருள் குறித்த காலத்தில் முடிவதில்லை, முடிந்தாலும் நம்பத்தக்கதாயில்லை என்ற கவலை பேசப்பட்டது. பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மென்பொருள் பொறியியல் நிலையம் 1984இல் அமைந்தது. அங்கு வாட்ஸ் ஹம்ஃப்ரி என்பார் வகுத்த கருத்துகளிலிருந்து, குழுக்களை ஐந்து படிகளில் நிறுத்தும் திறன் முதிர்ச்சி மாதிரி 1991இல் வெளிவந்தது. ஒழுங்கின்றி ஆளின் திறமையை மட்டும் நம்பும் குழு முதற்படி. தன் முறையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் குழு ஐந்தாம் படி. அமெரிக்க விண்ணோடத்துக்கு நிரல் எழுதிய ஹூஸ்டன் நகரத்து ஐ.பி.எம். குழு ஐந்தாம் படிக்கு முதலில் சான்றாயிற்று. 1990களின் முற்பகுதியில் பெங்களூரில் இருந்த மோட்டரோலா நிறுவனத்தின் குழு ஐந்தாம் படி பெற்றது உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதன்பின் இந்திய நிறுவனங்கள் பல அப்படியை எட்டின.

அந்த அளவுகோல் பொய்யென்று சொல்ல இயலாது. ஆனால் அது பெருந்தோட்டத்து அளவுகோல். அதற்குத் தாள்கள் பல, நாள்கள் பல, மதிப்பிட வருவோருக்குக் கட்டணமும் உண்டு. மேலும் படி என்பது ஒப்பந்தம் பெறும் அனுமதிச் சீட்டாக மாறியதும், படி பெறுவதற்காகவே தாள் எழுதுவோரும் தோன்றினர். ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் ஐந்துபேர்க் குழுவுக்கு அது எவ்வாறு பொருந்தும்?

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் நியூயார்க் நிரலர் இதற்கு எளிய வழி ஒன்று எழுதினார். பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்றே விடை. பன்னிரண்டும் ஆம் என்றால் சிறப்பு, பதினொன்று தாளும், பத்தும் அதற்குக் கீழும் என்றால் குழு பெருங்குறை உடையது என்பது அவர் கணிப்பு. உலகில் பெரும்பாலான குழுக்கள் இரண்டு மூன்றிலேயே நிற்கின்றன என்றும் அவர் சொன்னார். கேள்விகளுள் சில இன்று பழையன ஆகிவிட்டன. சில அவருடைய சொந்த விருப்பம். அமைதியான அறை வேண்டும், பணத்தால் வாங்கக்கூடிய மிகச் சிறந்த கருவிகள் வேண்டும் என்பன நல்லவையே எனினும், அவற்றை முதற்படியில் வைக்க வேண்டியதில்லை. நான்கைந்து கேள்விகள் மட்டும் எக்காலத்துக்கும் எவ்வளவு சிறிய குழுவுக்கும் உரியன.

முதலாவது, நிரலின் பதிப்புகளைக் காக்கும் முறை உண்டா என்பது. தமிழாசிரியருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தவர் ஒரு சொல்லை மாற்றினார். அடுத்தவர் இன்னொன்றை விட்டார். யார் எப்போது எதற்காக மாற்றினார் என்ற குறிப்பு இல்லை. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் ஊர் ஊராக ஏடு தேடி, பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு வாழ்நாளைச் செலவிட்டதற்கு அதுவே காரணம். மென்பொருளில் 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் போன்ற கருவிகள் ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயரையும், நாளையும், காரணத்தையும் பதிந்து வைக்கின்றன. கிட் இலவசம். ஆகவே சிறு குழுவுக்கு வசதியில்லை என்னும் சாக்கு இங்குச் செல்லாது. 'இறுதி', 'புதிய இறுதி', 'உண்மையான இறுதி' என்று பெயரிட்ட கோப்புகளை ஒரு குழு இன்னும் வைத்திருந்தால் மேற்கொண்டு கேள்வி கேட்கவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, பிழைப் பட்டியல். கணித்தமிழில் பிழைக்கு வழு என்று பெயரிட்டவர் யாராயினும் நல்ல சொல்லையே எடுத்தார். இலக்கணத்தில் வழு உண்டு. காரணம் காட்டி ஏற்கப்படும் வழுவமைதியும் உண்டு. மென்பொருளிலும் அவ்வாறே. எல்லா வழுவையும் உடனே நீக்க எக்குழுவாலும் இயலாது. சிலவற்றைக் காரணத்தோடு பொறுத்துக்கொள்வர். ஆனால் வழுவென்று முதலில் கண்டு எழுதினால்தானே அமைதி கூற முடியும்? எழுதப்படாத வழு ஒருவர் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் போய்விடுகிறது, மென்பொருளில் மட்டும் தங்கிவிடுகிறது. புதிய நிரல் எழுதுமுன் பழைய வழுவைத் திருத்துகின்றனரா என்பதும் ஸ்போல்ஸ்கியின் கேள்விகளுள் ஒன்று. எழுதிய அன்றே திருத்துவது எளிது. மாதம் கழித்தால் எழுதியவருக்கே தம் நிரல் அயலார் எழுத்தாகத் தோன்றும்.

மூன்றாவது, மூல நிரலிலிருந்து முழு மென்பொருளை ஒரே கட்டளையில் உருவாக்க முடிகிறதா என்பது. இருபது படிகளைக் கையால் செய்ய வேண்டியிருந்தால், அவசர நாளில் ஒரு படி தவறும். நைட் கேப்பிட்டலில் தவறியது அத்தகைய ஒரு படிதான்.

ஸ்போல்ஸ்கி கேளாத ஒரு கேள்வி காப்புப் படியைப் பற்றியது. 2017 ஜனவரி 31 இரவில், நிரல் காக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் களைத்த வேளையில் தவறான கணிப்பொறியில் கட்டளையிட்டு உயிருள்ள தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு முறைகள் அங்கு இருந்தன. ஒன்றும் எதிர்பார்த்தபடி உதவவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த படி ஒன்றால்தான் மீண்டனர். இடைப்பட்ட நேரத்துத் தரவு போயிற்று. ஆகவே 'காப்புப் படி எடுக்கிறீர்களா' என்று கேட்பதில் பயனில்லை. எல்லாரும் ஆம் என்பர். 'காப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அந்நிறுவனம் அதன்பின் செய்தது குறிப்பிடத்தக்கது. நடந்ததை மறைக்காமல், மீட்கும் வேலையையே எல்லாரும் பார்க்க ஒளிபரப்பியது. எந்த முறை ஏன் தவறியது என்று விரிவாக எழுதி வெளியிட்டது. கட்டளையிட்ட கையைப் பற்றிய விசாரணையாக அது அமையவில்லை.

இந்த இடத்தில் தோட்டத்துக் கதையின் கசப்பான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காயம் என்று சொல்லிக் கூலியைப் பிடித்த கதைகள் தோட்டப்புறத்தில் ஏராளம். காயம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஏன் ஏற்பட்டது? ஒருவருக்கு ஒதுக்கிய மரங்களின் எண்ணிக்கை மிகுதியாயிருந்தால், வெயில் ஏறுமுன் முடிக்கும் அவசரத்தில் உளி தவறும். விடியுமுன் மரத்தில் பால் அழுத்தம் மிகுந்திருக்கும். தாமதித்தால் பால் குறையும். ஆகவே இருட்டிலேயே தலைவிளக்கோடு ஓட வேண்டும். உளி தீட்டக் கல் நல்லதாயில்லை என்றாலும் காயம்தான். பட்டையைப் படிக்கத் தெரிந்த நல்ல மேற்பார்வையாளர் ஒரு நிரை முழுவதும் காயம் கண்டால் வெட்டியவரை ஏசுமுன் நிரையின் அளவைப் பார்த்திருப்பார். மென்பொருளிலும் ஒரு குழுவில் வழு மிகுந்தால், நிரலர் திறமை குறைந்தவர் என்று முடிவுகட்டுமுன், முடிக்கும் நாளை யார் குறித்தார், வேலை செய்பவரைக் கேட்டுக் குறித்தாரா என்று பார்க்க வேண்டும். ஸ்போல்ஸ்கியின் பட்டியலில் நடப்புக்கேற்பத் திருத்தப்படும் கால அட்டவணை ஒன்று இடம்பெற்றது இதனாற்றான். தொழில்முறையை மதிப்பிடுவது வேறு, தொழிலாளியை ஒற்றறிவது வேறு. இரண்டையும் குழப்பிய நிறுவனத்தில் காயங்கள் மறைக்கப்படும்; மண்ணைப் பூசி மூடிய காயத்தை எந்தக் கிராணியாலும் எண்ண முடியாது.

எண்களின் சிக்கலும் இதனோடு சேர்ந்தது. பாலின் எடைக்குக் கூலி என்றவுடன் வாளியில் தண்ணீர் கலக்கும் ஆசை சிலருக்கு வந்தது. தோட்டம் மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு ரப்பரின் அளவைக் கண்டது. மென்பொருளிலும் எழுதிய வரிகளை எண்ணிப் பார்த்தனர். 1982இல் ஆப்பிள் நிறுவனத்து மேலாளர்கள் வாரந்தோறும் எத்தனை வரி எழுதினாய் என்று கேட்டுப் படிவம் கொடுத்தபோது, பில் அட்கின்சன் என்னும் நிரலர் அந்த வாரம் ஒரு பகுதியைச் சுருக்கி வேகமாக்கியிருந்ததால், 'குறை 2000' என்று எழுதிக் கொடுத்தாராம். படிவம் அவருக்கு அதன்பின் வெகுநாள் வரவில்லை. அளவுகோல் இலக்காகிவிட்டால் அளவுகோலாய் இராது என்னும் கருத்துக்கு ஆங்கிலப் பொருளியலாளர் குட்ஹார்ட்டின் பெயர் வழங்குகிறது. அவர் 1975இல் எழுதியது நாணயக் கொள்கையைப் பற்றி.

இதை உணர்ந்தே பிற்காலத்து ஆய்வாளர் அளவுகளை இணைகளாக வைத்தனர். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென் முதலிய மூவர் 2018இல் வெளியிட்ட நூல், பல நிறுவனங்களில் பல ஆண்டுகள் வினாத்தாள் வழி ஆராய்ந்து, நான்கு அளவுகளைப் பரிந்துரைத்தது: எத்தனை முறைக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகின்றனர், எழுதிய மாற்றம் பயனரை அடைய எவ்வளவு காலம் ஆகிறது, வெளியிட்டவற்றுள் எத்தனை பங்கு கெடுதல் விளைக்கிறது, கெட்டால் மீள எவ்வளவு நேரம். முன்னிரண்டும் வேகம், பின்னிரண்டும் உறுதி. வேகமாகச் செய்பவர் தவறு மிகுதியாகச் செய்வர் என்பது பொதுவான எண்ணம். நல்ல குழுக்களில் வேகமும் உறுதியும் சேர்ந்தே வளர்கின்றன என்று அவ்வாய்வு கண்டது. உளியைக் கூராக வைத்திருக்கும் வெட்டுக்காரரை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை.

மேல்நாட்டுப் பட்டியல்கள் எவற்றிலும் இல்லாத சில கேள்விகளைப் பேராக்கில் கேட்டே ஆக வேண்டும். முதலாவது பெயரைப் பற்றியது. மலேசிய அடையாள அட்டையில் தமிழர் பலரின் பெயர் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்று சாய்கோட்டுடன் வருகிறது. சாய்கோட்டை ஏற்காத படிவங்களை எழுதிய நிரலர், தம் பயனருள் இத்தகைய பெயருடையார் இருப்பர் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. சோதனைக்கு எடுத்த பெயர்களுள் ஒன்றேனும் இப்படி இருந்திருந்தால் பிழை முதல் நாளே தெரிந்திருக்கும்.

மற்றொன்று தமிழ் எழுத்து. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1985இலேயே தொடங்கியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஆகவே இந்நாட்டுக் குழுவுக்குத் தமிழ் தெரியாத பொருள் என்று சொல்ல இடமில்லை. ஆயினும் பள்ளிக்கென்று வாங்கிய மென்பொருளில் 'கமலா' என்ற பெயருக்கு முன் 'கனகா' வந்து நிற்பதைக் காணலாம். நெடுங்கணக்கில் மகரம் முன், னகரம் கடைசி. யூனிகோடு குறியெண்களிலோ னகரம் நகரத்தை அடுத்தே வைக்கப்பட்டிருக்கிறது. றகரம் ரகரத்தை ஒட்டி வருகிறது. குறியெண்ணைக் கொண்டே வரிசைப்படுத்திய நிரலர் தமிழ் வரிசையைச் சோதிக்கவில்லை என்பது அப்பட்டியலைக் கண்ட ஆசிரியருக்கு ஒரு நொடியில் விளங்கும். 'மாணவி' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து; யூனிகோட்டில் ஐந்து குறிகள். 'இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது' என்னும் கட்டுப்பாடு குறிகளை எண்ணினால், நீண்ட பெயர் நடுவே முறிந்து போகும். 'ஸ்ரீ' என்பதை இருவகைக் குறித்தொடரால் எழுதலாம். 2005இல் தாலவிய சகரத்துக்கு யூனிகோட்டில் தனியிடம் கிடைத்த பின் வந்த நிலை இது. திரையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இவற்றைக் கண்டுபிடிக்கக் கணிப்பொறிக் கல்வி வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும். குழுவின் சோதனை முறை எத்தகையது என்பதை வெளியிலிருந்து அறிய, ஆசிரியர் கையிலுள்ள சிறந்த உளி இதுவே.

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வரலாம். அவள் நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கலாமா? கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 'நீங்கள் தரமான முறைகளைப் பின்பற்றுகிறீர்களா' என்று கேட்டால் புன்னகையோடு ஆம் என்பர். 'ஒரு சிறு மாற்றம், எழுதியதிலிருந்து பயனரிடம் போகும்வரை யார் யார் கையைக் கடக்கிறது, சென்ற வாரம் நடந்த ஒன்றை வைத்துச் சொல்லுங்கள்' என்று கேட்டால் விடையில் பட்டை தெரியும். தடுமாறுவோர் உண்டு, எரிச்சலடைவோர் உண்டு, மகிழ்ந்து திரையையே திருப்பிக் காட்டுவோரும் உண்டு. 'அண்மையில் எது கெட்டுப்போயிற்று, அதன்பின் எதை மாற்றினீர்கள்' என்பது அடுத்த கேள்வி. எதுவும் கெடவில்லை என்று சொல்லும் குழு, பார்க்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

முந்நூறு வெள்ளி சிறு தொகையன்று, முதல் வேலைக்குப் போகும் பிள்ளையின் வீட்டில் அதற்கு எத்தனையோ செலவு காத்திருக்கும். ஆயினும் தோட்டங்களில் புதிதாக வெட்டப் பழகுவோருக்கு, விரைவில் வீழ்த்தப்போகும் கிழட்டு மரங்களைக் கொடுத்தே கை பழக்கினர். அவர்கள் செய்யும் காயம் யாரையும் பாதிக்காது. மென்பொருளில் புதியவருக்கு அத்தகைய மரம் அரிது. அவர் உயிருள்ள மரத்திலேயே பழகுகிறார். அருகிலிருப்பவர் வெட்டும் முறையே அவர் கைக்கும் வந்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இரண்டாமவர் படித்துப் பாராத நிரலையே எழுதிப் பழகிய கை, பிறகு திருந்த வெகுகாலம் ஆகும். ஈப்போவில் சம்பளம் குறைந்த இடத்தில் பட்டை நன்றாயிருந்தால், அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை.

பள்ளியோ சங்கமோ மென்பொருள் செய்யச் சொல்லிப் பணம் கொடுக்கும்போது நிலை சற்று வேறு. அங்கு வாங்குபவர் குழுவுக்குள் நுழைந்து பார்க்க இயலாது. எனவே ஒப்பந்தத்திலேயே சிலவற்றை எழுதி வாங்கிக்கொள்வது நலம். மூல நிரலும் அதன் மாற்ற வரலாறும் பள்ளியின் பெயரில் உள்ள கணக்கில் இருக்க வேண்டும். வழுப்பட்டியல் பள்ளியின் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். தவணைக்கு ஒருமுறை காப்புப் படியிலிருந்து மீட்டு, மாணவர் பெயர்ப்பட்டியல் முழுமையாக வருகிறதா என்று ஆசிரியர் முன்னிலையிலேயே காட்ட வேண்டும். இணைய முகவரியும் கடவுச்சொற்களும் செய்து கொடுத்தவரின் சட்டைப்பையில் இல்லாமல் தலைமையாசிரியர் அறையின் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். இவற்றுக்குக் குழு இசைகிறதா, தயங்குகிறதா என்பது முன்பணம் கொடுக்குமுன்னரே தெரிந்துவிடும்.